கேட்டவளின் பிள்ளை

லுணுகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் நல்லம்மா வீடு எது என்று கேட்டால், எந்த நல்லம்மா என்று திருப்பிக் கேட்பார்கள். கப்பல்காரி நல்லம்மா என்று சொல்லிப் பாருங்கள், ஆறாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவைக் கை காட்டுவார்கள். அவள் கப்பலைக் கண்ணால் கண்டதே இல்லை. அந்தப் பட்டப்பெயரில் இருந்த குத்தலே அதுதான்.

தோட்டத்துச் சனத்தை உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று இந்த நாடும் இந்தியாவும் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில், நல்லம்மாவின் மாமனார் இந்தியாதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். வருஷக்கணக்கில் இழுத்தடித்து ஒரு வழியாகப் பாஸ்போர்ட் வந்தது. 1984-ல் கப்பலுக்குத் திகதியும் வந்தது. வளர்த்த கோழிகளை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, பெட்டி கட்டி, லயத்துக்கே சோறாக்கிப் போட்டு, எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுது தீர்த்த பிறகு, தலைமன்னாரில் கப்பல் ஓட்டம் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. கட்டின பெட்டியை அவிழ்த்தார்கள். கொடுத்த கோழியைத் திருப்பிக் கேட்க முடியுமா? மாமனார் அந்தக் கவலையிலேயே போனார். ஐந்து வருஷம் கழித்துப் புருஷனும் நெஞ்சுவலியில் போனான். நல்லம்மாவும் மகன் ஜெயரூபனும் மிஞ்சினார்கள்.

இந்த நாட்டுக்கு அவர்கள் இந்தியாக்காரர்கள். இந்தியாவுக்கு இன்னும் வந்து சேராதவர்கள். அடையாள அட்டை கிடையாது, ஓட்டு கிடையாது. கையில் இருந்ததெல்லாம் காலாவதியான ஒரு பாஸ்போர்ட். அதில் நல்லம்மாவின் படமும், படத்துக்கு அடுத்த பக்கத்தில் பிள்ளையின் பெயரும் பிறந்த திகதியும் இருந்தன. அதை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாமிக்குக் காட்டும் சூடத்தை அந்த டின்னுக்கும் ஒரு சுற்றுக் காட்டுவாள். லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"சிரிங்க, சிரிங்க. ஒரு நாளைக்கு இது பேசும்" என்பாள் நல்லம்மா.

பேசியது. அது பேசின பேச்சுத்தான் இந்தக் கதை.

1998-ல் பசறைப் பாதையில் ஒரு டிரான்ஸ்போமர் வெடித்தது. வெடிவைத்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் பெரிதாக மெனக்கெட்டதாகவும் தெரியவில்லை. மேலிடத்துக்குக் காட்ட ஆர்மிக்காரர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தமிழ்ப் பையன்களாக, இருபது இருபத்தைந்து வயதில், கேட்க நாதியில்லாதவர்களாக வேண்டும். தோட்டத்தில் அதற்கா பஞ்சம்?

ஆளைத் தேடி லயம் லயமாக ஏறி இறங்கும் வேலைகூட அவர்களுக்கு இருக்கவில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் தாமாகவே வரிசையில் வந்து நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பேரைக் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். அன்றைக்குப் பேர்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்ற கணக்கப்பிள்ளைக்குப் பின்னால் ஐந்து ஆர்மிக்காரர்கள் நின்றார்கள். அவர் குரல் நடுங்கியது. ஆனாலும் கூப்பிட்டார். பேரைக் கேட்டதும் 'ஆமாங்க' என்று சொல்லி ஒரு எட்டு முன்னால் வைப்பது பையன்களுக்குப் பிறவிப் பழக்கம். ஜெயரூபன் 'ஆமாங்க' என்றான். அவனோடு ஒன்றாகப் படித்த பிரவீணன் 'ஆமாங்க' என்றான். இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். நாலு பேரையும் சட்டையைக் கழற்றி, அதாலேயே கையைக் கட்டி, லொறியில் ஏற்றினார்கள். கொழுந்துக் கூடையோடு நின்ற நல்லம்மா லொறிக்குப் பின்னால் ஓடினாள். வளைவில் லொறி திரும்பியதும் அவள் தேயிலைக்குள் விழுந்தாள்.

பதுளைக்குப் போகிற வழியில், ஒரு பழைய களஞ்சியத்தில் முகாம் இருந்தது. நாலு தாய்மாரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு அங்கே போனார்கள். வாசலில் நிற்கும் காவல்காரன் பார்சலை வாங்கி உள்ளே அனுப்புவான். அவனோடு ஒரு வார்த்தை பேச முடியாது. ஆனால் பார்சலை வாங்கினால் பிள்ளை உள்ளே உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வாசலில் நின்ற தாய்மார் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிக் கண்டுபிடித்த கணக்கு அது. வாங்கிக்கொண்டான் என்றால் அடுத்த ஞாயிறு வரைக்கும் மூச்சு விடலாம்.

மற்ற மூன்று தாய்மாரும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். யூனியன் தலைவரிடம் அழுதார்கள், கோயிலில் நேர்ந்தார்கள், வாசலில் நின்றவனைக் கும்பிட்டார்கள். நல்லம்மாவால் அப்படிச் சும்மா இருக்க முடியவில்லை. அவள் என்றைக்குமே சும்மா இருக்கிற ஆள் இல்லை.

முகாமுக்கு எதிரே மொஹிதீன் என்றொருவர் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிறு, பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவர்தான் பேச்சுவாக்கில் சொன்னார்.

"போன வருஷம் எல்லவுக்குச் சுத்திப்பாக்க வந்த ஒரு வெள்ளைக்காரன் இந்தக் கேம்பப் படம் புடிச்சிட்டான். கொண்டாந்து உள்ள போட்டாங்க. அந்தியாகல, கொடி கட்டின கார் வந்துட்டுது. அவங்கட நாட்டு எம்பசிக் கார். பெரியவரே வெளிய வந்து, கை குடுத்து அனுப்பினாரு."

"கார்ல ஏத்தியா அனுப்புனாங்க?"

"பின்ன? வேற நாட்டுக்காரன்ல்லவா? அவங்கட நாடு கேக்கும்."

நல்லம்மாவின் கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. வேற நாட்டுக்காரன். கேட்பதற்கு ஒரு நாடு. தன் பிள்ளைக்கும் அப்படி ஒரு நாடு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறதே! பதினாலு வருஷமாகச் சூடம் காட்டியது எதற்கு என்று இப்போதல்லவா விளங்குகிறது?

மறுநாளே பதுளைக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிதம்பரநாதன் என்பவர் டைப்ரைட்டர் வைத்து மனு எழுதிக் கொடுப்பார். யாழ்ப்பாணத்து ஆள். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மற்ற மூண்டு பேற்றை தாய்மாரும் இப்பிடி எங்கையும் எழுதிக் கேட்டவையோ?"

"அவங்க புள்ளைங்களுக்கு ஏதுங்க பாஸ்போர்ட்டு? அவங்க இந்த நாட்டு ஆளுங்க. அவங்களுக்காக யாரு கேப்பா?"

"அதுக்கில்லை நல்லம்மா. இவங்கள் ஆருக்கும் பதில் சொல்லிப் பழகாத ஆக்கள். வெளிநாடு கேட்டால் என்ன செய்வாங்களோ தெரியாது. கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்தால் என்ன?"

"உங்க புள்ளையா இருந்தா பொறுப்பீங்களா ஐயா?"

சிதம்பரநாதன் டைப்ரைட்டரில் தாளைச் செருகினார். அவருக்கு மட்டும் என்ன நிச்சயமாகத் தெரிந்திருக்கப் போகிறது? அந்தக் காலத்தில் பயத்தைத் தவிர யாருக்கும் எதுவும் நிச்சயமாகத் தெரியாது.

மனுவை மாரோடு அணைத்துக்கொண்டு, பதுளையில் ரயில் ஏறி, கண்டிக்குப் போனாள். இந்தியத் தூதரக அலுவலகத்தில் தமிழ் பேசும் அதிகாரி ஒருவர் இருந்தார். நல்ல மனுஷன். அதை மறைத்துச் சொல்லக்கூடாது. அவளை உட்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பாஸ்போர்ட்டைப் பிரித்து, படத்துக்கு அடுத்த பக்கத்தில் விரலை வைத்து, ஜெயரூபன் என்று வாய்விட்டு வாசித்தார்.

"காலாவதி ஆயிடுச்சே சார், பரவால்லீங்களா?" என்று கேட்டாள்.

"தாள்தாம்மா காலாவதி. ஆள் நம்ம ஆள்தானே. எழுதிக் கேக்குறோம். பதில் சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

நம்ம ஆள். பிறந்ததிலிருந்து எந்த அரசாங்கமும் அவளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ரயிலில் திரும்பி வரும்போது நானுஓயா வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். அந்த அழுகையில் முக்கால்வாசி பெருமைதான்.

அதிகாரி சொன்னபடியே எழுதினார். அந்தக் கடிதம் கண்டியிலிருந்து கொழும்புக்குப் போனது. கொழும்பில் தூதரகத்திலிருந்து ஒரு அமைச்சுக்கும், அந்த அமைச்சிலிருந்து இன்னொரு அமைச்சுக்கும் போனது. கடைசியில் 'இந்த ஆள் உங்களிடம் இருக்கிறானா, இருந்தால் தூதரகத்தார் வந்து பார்க்க ஏற்பாடு செய்யவும்' என்று ஒரு தாளாகப் பதுளை முகாமுக்கு வந்து சேர்ந்தது. மூன்றே கிழமையில், இருபத்தோரு நாளில், வந்துவிட்டது. ஏழைக்காக ஓடிய எந்தத் தாளும் இந்த நாட்டில் இவ்வளவு வேகமாக ஓடினதில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, காவல்காரன் மூன்று பார்சலை வாங்கிக்கொண்டு நாலாவதைத் திருப்பிக் கொடுத்தான். ஜெயரூபன் இங்கே இல்லை என்று சிங்களத்தில் சொன்னான். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. மற்ற மூன்று தாய்மாரும் வெலவெலத்துப் போனார்கள். பார்சல் திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று அந்த வாசலில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

நல்லம்மாவுக்கு மட்டும் முகம் மலர்ந்தது.

"எம்பசி கேட்டுருச்சு! அதான் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பாத்தீங்களா? நாடு கேட்டுச்சுன்னா குடுத்துத்தானே ஆகணும்!" என்று மற்றவர்களின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்குப் பசித்தது. எட்டுக் கிழமையாக இல்லாத பசி. மடியிலிருந்த பார்சலைப் பிரித்து, மகனுக்குக் கட்டின நெத்தலிக் கருவாட்டுக் குழம்பையும் பருப்பையும் பிசைந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றாள்.

ஒரு மாதத்தில் மற்ற மூன்று பேரையும் விட்டுவிட்டார்கள். மெலிந்து, நிமிர்ந்து பார்க்கக் கூசி, ஆனால் உயிரோடு வந்தார்கள். அவர்களிடம் ஓடிப்போய் நல்லம்மா கேட்டாள். மற்ற இருவரும் பிரவீணனைப் பார்த்தார்கள். பிரவீணன் தரையைப் பார்த்தான்.

"தனியாக் கூட்டிட்டுப் போனாங்க பெரியம்மா. எங்கன்னு தெரியாது" என்றான்.

நாலு மாதம் கழித்துக் கண்டியிலிருந்து தபால் வந்தது. தூதரகம் கேட்ட கேள்விக்கு அரசாங்கம் சொன்ன பதிலின் நகல். அதைத் தூக்கிக்கொண்டு சிதம்பரநாதனிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைப் போட்டு ஒரு தடவை மனதுக்குள் வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார்.

"என்னங்க ஐயா போட்டிருக்கு?"

"இந்தப் பேரில ஒருத்தரையும் தாங்கள் பிடிச்சு வைச்சிருக்கேல்லை எண்டு போட்டிருக்கு. கிடைச்ச தகவலின்படி அவர் இந்தியாவுக்குத் திரும்பிப் போட்டார் எண்டு விளங்குதாம். ரெண்டு நாட்டுக்கும் உள்ள நல்லுறவை மதிச்சு இந்தப் பதிலை அனுப்புறதில மகிழ்ச்சியாம்."

"இந்தியாவுக்கா!" நல்லம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். "எங்க மாமா கனவு கண்டது, எம் மகன் போய்ச் சேந்துட்டானா!"

சிதம்பரநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எவ்வளவு நேரம்தான் துடைப்பார்? அவருக்கு விளங்கிவிட்டது. கச்சேரியில் முப்பது வருஷம் இப்படிப்பட்ட கடிதங்களோடு குடும்பம் நடத்தினவர் அல்லவா? வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவளுடைய சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பிறகு யாரிடமோ சொன்னாராம். பேச வேண்டிய இடத்தில் பேசாதவர்கள் எல்லாரும் இந்தக் காரணத்தைத்தான் சொல்கிறார்கள். கண்டியில் இருந்த நல்ல மனுஷனும் அதோடு கோப்பை மூடினார். இரண்டு நாடுகளும் ஏதோ வியாபார ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. அடையாள அட்டையில்லாத ஒரு கூலிக்காரனுக்காக அவை முகத்தைத் திருப்பிக்கொள்ளுமா? ஒரு நாடு மரியாதையாகக் கேட்டது, இன்னொரு நாடு மரியாதையாகப் பதில் சொன்னது. கணக்கு முடிந்தது.

அன்றிலிருந்து ஐந்து வருஷம் நல்லம்மா தோட்டத்தில் தலை நிமிர்ந்து நடந்தாள். மகன் இந்தியாவில் இருக்கிறான். ஏன் கடிதம் போடவில்லை என்று கேட்டால், 'போன இடத்துல நெல கொள்ளணும்ல' என்பாள். துறையூர்ப் பக்கத்திலிருந்த மாமனாரின் சொந்தக்காரர்களுக்கு மூன்று கடிதம் எழுதிப் போட்டாள். பதில் இல்லை. விலாசம் மாறியிருக்கும் என்றாள். யார் வீட்டுப் பிள்ளையைப் பிடித்துப் போனாலும் அந்த வீட்டில் போய் உட்கார்ந்து, 'எம்பசிக்கு எழுதிப் போடுங்க, நாங் கூட வர்றேன்' என்று யோசனை சொன்னாள். நல்லவேளை, அவளைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை.

2003 கடைசியில் புதுச் சட்டம் வந்தது. இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தும் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கொடுக்கிறார்கள் என்று, அதிகாரிகள் படிவங்களோடு தோட்டத்துக்கே வந்தார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். சனம் முண்டியடித்துக்கொண்டு நின்றது. பிரவீணன் அப்போது யூனியனில் எழுதப்படிக்கத் தெரிந்த ஆளாக இருந்தான். அவன்தான் எல்லாருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தான். நல்லம்மா மட்டும் வரிசையில் நிற்கவில்லை.

"எனக்கு வேண்டாம்ப்பா. நான் இந்த நாட்டு ஆளாயிட்டா அங்க போயி அவங் கூட இருக்க விடமாட்டாங்க. இம்புட்டு வருஷம் பொறுத்தாச்சு" என்றாள்.

பிரவீணன் பேனாவை மூடினான். அவளை மடுவத்துக்குப் பின்பக்கம் கூட்டிப்போனான். கொழுந்துச் சாக்குகளை அடுக்கியிருந்த இடத்தில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"பெரியம்மா, அவன் இந்தியாவுக்குப் போகல."

"பின்ன எங்க போனான்?"

"பார்சலத் திருப்பிக் குடுத்தாங்கள்ல, அதுக்கு மொத நாளு. சனிக்கெழம காலைல பெரிய ஆளு ஒருத்தரு கையில ஒரு தாளோட வந்தாரு. இதுல இந்தியாக்காரன் யாருன்னு கேட்டாரு. ரூபன் கையத் தூக்குனான். சிரிச்சுக்கிட்டே தூக்குனான் பெரியம்மா. அம்மா பாஸ்போர்ட்டத் தூக்கிக்கிட்டு எங்கயோ போயிருக்குடான்னு எங் காதுல சொன்னான். எந்திரின்னாங்க. எந்திரிக்க முடியல. பாதம் ரெண்டும் வீங்கி வெடிச்சிருந்துச்சு. அவனுக்கு மட்டுமில்ல, எங்க நாலு பேருக்கும் அப்படித்தான். அந்த ஆளு அவன் காலப் பாத்தாரு, முதுகப் பாத்தாரு, தாளப் பாத்தாரு. பக்கத்துல நின்னவங்கிட்ட, இத எப்படிடா எம்பசிக்காரனுக்குக் காட்டுறதுன்னு சிங்களத்துல சொன்னாரு."

நல்லம்மா சாக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரு தூக்கி ஜீப்புல ஏத்துனாங்க. தோள்ல கெடந்த துண்ட எங்கிட்டக் குடுத்துட்டு, வீட்டுக்குப் போறேன்டான்னான். ஜீப்பு பிபிலைப் பக்கம் போச்சு. நாங்க பகல் சோறு திங்கிறதுக்குள்ள திரும்பி வந்துருச்சு. வரும்போது அவன் அதுல இல்ல."

"ஒங்க மூணு பேர மட்டும் ஏன்டா விட்டாங்க?"

அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் சொன்னான்.

"எங்களுக்கு எண்ணெ போட்டாங்க. மருந்து கட்டுனாங்க. காயம் ஆறி, நடக்க ஆரம்பிச்ச பொறகு விட்டாங்க. எங்கள யாரும் கேக்கல பெரியம்மா. அவங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

நல்லம்மா அழவில்லை. "அந்தச் சோத்த நாந் தின்னேன்டா. பஸ்ஸுல ஒக்காந்து, ருசிச்சுத் தின்னேன்டா" என்றாள். அதைச் சொல்லும்போதே குமட்டி, சாக்குகளுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தாள்.

முகத்தைக் கழுவி, வீட்டுக்குப் போய் டின்னில் இருந்த தாள்களை எடுத்துவந்து வரிசையில் நின்றாள். மேசைக்காரர் படிவத்தைப் பார்த்து, பாஸ்போர்ட்டில் ஒரு மகன் பெயர் இருக்கிறதே, அவர் எங்கே என்று கேட்டார்.

"செத்துட்டான்னு எழுதிக்கிருங்க."

"மரணச் சான்றிதழ் இருக்காம்மா?"

"இல்லீங்க. கொன்னவங்ககிட்டத்தான் கேக்கணும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். அவள் கையிலிருந்த கடிதங்களில் பழைய பதிலின் நகல் இருந்தது. அதை எடுத்து வாசித்ததும் அவருக்கு உயிர் வந்தது. "இதில இந்தியாவுக்குப் போயிட்டார் என்று அரசாங்கமே எழுதியிருக்கே. அப்படியே போட்டுவிடுவம். இல்லாட்டி உங்கட விண்ணப்பமும் நிண்டுபோகும்" என்றார். மகன், வெளிநாடு சென்றுவிட்டார் என்று எழுதினார். அதற்குக் கீழே நல்லம்மா கையெழுத்துப் போட்டாள். அவளைத் தன் பிரஜை என்று ஏற்றுக்கொள்ள அந்த நாடு கேட்ட விலை, அது சொன்ன பொய்க்கு அவளும் சாட்சி சொல்ல வேண்டும் என்பதுதான்.

அதன் பிறகு யாரும் அவளைக் கப்பல்காரி என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். அவளுக்குள் ஒரே கேள்விதான் இரவும் பகலும் ஓடியது. கேட்காமல் இருந்திருந்தால் வந்திருப்பானா? 'அவனுங்க எப்படியும் கொன்னுருப்பானுங்க' என்று ஒரு நாள் தேற்றிக்கொள்வாள். மூன்று பேர் வந்தார்களே என்று மறுநாள் நெஞ்சில் அடித்துக்கொள்வாள். சந்தேகம் என்கிற அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தாள்.

2007-ல் திரும்பவும் ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். இந்த முறை பெரட்டுக் களமும் இல்லை, லொறியும் இல்லை, வெள்ளை வான் வண்டி. நாலாம் நம்பர் லயத்துக் கிஷாந்தன் ஹாலிஎல ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். பட்டப்பகலில் அவனை வானுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். வான் அந்தப் பழைய முகாமுக்குள் நுழைந்ததை மொஹிதீன் கடையிலிருந்து பார்த்துச் சொன்னார். கல்யாணமாகி ஒரு வருஷமான அவன் பெண்டாட்டி பிரசாந்தினி, நேராக நல்லம்மா வீட்டுக்கு வந்தாள். கையில் டைப் அடித்த மனு இருந்தது.

"அத்தை, வெளிநாட்டுத் தூதுக்குழு ஒண்ணு பதுளைக்கு வருதாம். புதன்கெழம கச்சேரி மண்டபத்துல மனு வாங்குறாங்களாம். நீங்கதான் எம்பசிக்கெல்லாம் போன ஆளு. எங்கூட வாங்க அத்தை. அவங்க கேட்டா இவங்க பயந்துருவாங்கள்ல?"

"பயப்படுவாங்க. அதான் புள்ள வெனையே" என்றாள் நல்லம்மா.

பிறகு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பாஸ்போர்ட், கண்டி, மூன்று கிழமை, பார்சல், ஜீப், வெடித்த பாதம், ஒன்றையும் விடவில்லை. பெற்றவள் தன் வாயால் அதைச் சொல்வது எப்படி இருந்திருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். முடிக்கும்போது பிரசாந்தினி மனுவை அடுப்பில் போட்டுவிட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் பார்சல் கட்டிக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனார்கள். அதே கேட், அதே மணல் மூட்டைகள். காவல்காரன் மட்டும் வேறு, பார்த்தால் ஜெயரூபன் வயதுதான் இருக்கும். அவன் கையை நீட்டிப் பார்சலை வாங்கும்போதெல்லாம் பிரசாந்தினி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவாள். நல்லம்மா பக்கத்தில் நின்று அவள் முதுகைத் தடவுவாள்.

ஆனால் அந்தக் கை தடவிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு வேறொன்றை நினைத்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நாலாவது ஞாயிறு, காவல்காரன் பார்சலைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு நொடி தயங்கினான். அந்த ஒரு நொடியில், திருப்பிக் கொடுத்துவிடு என்று நல்லம்மாவின் மனம் கத்தியது. வாயே திறக்காதவளின் புருஷனும் செத்துப்போகட்டும், கேட்டாலும் கொல்வார்கள், கேட்காவிட்டாலும் கொல்வார்கள் என்றாகட்டும், அப்போது நான் கொல்லவில்லை என்றாகிவிடும். தன் மனம் இப்படி நினைத்ததைத் தானே கேட்டு அவள் பதறிப்போனாள். காவல்காரன் பார்சலை உள்ளே அனுப்பினான். இந்த ஈனத்தனமான ஆசையை அவளுக்குள் யார் விதைத்தது? அதற்கும் சேர்த்து ஒரு நாள் யாராவது பதில் சொல்ல வேண்டும். சொல்லமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

தூதுக்குழு வந்தது, தேத்தண்ணி குடித்தது, படம் எடுத்துக்கொண்டது, போனது. நாற்பத்திமூன்றாம் நாள் கிஷாந்தன் வந்துவிட்டான். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. சத்தமாக யாராவது பேசினால் தலையைப் பொத்திக்கொண்டு குந்தினான். ஆனால் வந்துவிட்டான். காயம் ஆறின பிறகுதான் விட்டிருந்தார்கள்.

மறுநாள் பிரசாந்தினி அவனைக் கூட்டிக்கொண்டு ஆறாம் நம்பர் லயத்துக்கு வந்தாள். இரண்டு பேரும் நல்லம்மாவின் காலில் விழுந்தார்கள்.

"நீங்க மட்டும் சொல்லாம இருந்திருந்தா நான் அந்த மனுவக் குடுத்திருப்பேன் அத்தை. இவரு உசுரு நீங்க போட்ட பிச்ச" என்று பிரசாந்தினி அழுதாள்.

நல்லம்மா குனிந்து கிஷாந்தனின் பாதத்தைப் பார்த்தாள். உள்ளங்கால் ஓரத்தில் தோல் புதிதாக, வெளுப்பாக வளர்ந்திருந்தது. விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டே இருந்தாள். நாலு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த நூல் அந்த இடத்தில் அறுந்தது.

"ஏன் அத்தை அழுவுறீங்க? சந்தோசந்தானே?"

"ஆமா புள்ள. சந்தோசந்தான்."

இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவனால் கோப்பையைப் பிடிக்க முடியாததால் பிரசாந்தினி வாயில் வைத்துக் கொடுத்தாள். குடித்து முடித்து அவர்கள் போனதும் கதவைச் சாத்தினாள். பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து, பாஸ்போர்ட்டைப் பிரித்து, தன் படத்துக்கு அடுத்த பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த மூணு பேரும் வந்தாங்க. இப்ப இவனும் வந்துட்டான்" என்று அந்தப் பெயரிடம் சொன்னாள். "யாரும் கேக்காத புள்ளைங்க எல்லாம் வந்துருச்சுடா ரூபா. நான் ஒருத்திதான் கேட்டேன்."